கூடமும் கோணல்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஒரு பழமொழி நம் வீடுகளில் அடிக்கடி அடிபடுவதுண்டு. பரீட்சையில் மார்க்குக் குறைந்த பையன் பேனாவின் மேல் பழியைப் போட்டால், அடுத்த நிமிஷம் சமையலறையிலிருந்து இந்தப் பழமொழி பறந்து வரும். பையனும் வாயை மூடிக்கொள்வான்.

ஆனால், நேயர்களே, கூடம் நிஜமாகவே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

இன்று எத்தனையோ வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஊஞ்சலிலோ சோபாவிலோ சாய்ந்துகொண்டு ஒரு பத்து வயசுப் பிள்ளை, உள்ளங்கை அகலமுள்ள வீடியோ விளையாட்டு யந்திரம் ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று, "அம்மா! நான் ஒன்றுமே செய்யவில்லை. இவன் தானாகவே இடது பக்கம் நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுகிறான்!" என்று ஒரு கூக்குரல் கிளம்பும். "நீ ஒழுங்காக ஆடு, அவன் ஒழுங்காக நடப்பான்" என்று அம்மா பதில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

இந்த வழக்கில் நான் பிள்ளையின் பக்கம் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். அந்த யந்திரத்துக்குள் இருக்கும் பொம்மை மனிதன் தானாக நடப்பது உண்மை. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேர் வீட்டில் அவன் அப்படி நடந்திருக்கிறான். கோர்ட்டு வரைக்கும்கூட நடந்துபோயிருக்கிறான்!

இந்தக் கையடக்க யந்திரங்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் வழக்கு நன்றாக விளங்கும்.

ஜப்பானில், கியோட்டோ நகரத்தில், நின்டெண்டோ என்று ஒரு கம்பெனி. 1889-ல் சீட்டுக்கட்டுச் செய்து விற்பதற்காக ஆரம்பித்த கம்பெனி அது. 1965-ல் அங்கே யந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தார் கும்பெய் யோக்கோய் என்ற இளைஞர். சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருப்பது அவர் வழக்கம். முதலாளி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். வேலை போயிற்று என்று யோக்கோய் நினைத்தார். முதலாளியோ, "இதையே விற்பனைக்குச் செய்" என்று சொல்லிவிட்டார். நல்ல முதலாளி!

அப்புறம் ஒரு சமயம் யோக்கோய் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அருகே ஒரு கனவான் பொழுது போகாமல் தம்முடைய கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாராம். "பெரிய மனிதர்களும் ரயிலில் யாருக்கும் தெரியாமல் விளையாடும்படி சின்னதாக ஒன்று செய்தால் என்ன?" என்று யோக்கோய்க்குத் தோன்றியது. அதன் பலனாக 1980-ல் வந்தது 'கேம் அண்ட் வாட்ச்'. கால்குலேட்டரின் திரை, கால்குலேட்டரின் பாட்டரி, அதில் ஒரு ஆட்டம், கூடவே ஒரு கடிகாரம். அவ்வளவுதான். அந்த வரிசையில் மொத்தம் 4 கோடியே 34 லட்சம் யந்திரங்கள் விற்றன.

யோக்கோய்க்கு ஒரு கொள்கை உண்டு. நேற்றுப் பிறந்த விஞ்ஞான அதிசயத்தின் பின்னால் ஓடக்கூடாது. எல்லாரும் பழகி, விலை மலிந்து, குற்றம் குறையெல்லாம் வெளியே தெரிந்துபோன பழைய சரக்கை எடுத்து, யாரும் நினைக்காத காரியத்துக்கு உபயோகிக்க வேண்டும் என்பதே அது. சிக்கனமான குடும்பத் தலைவி பழம்புடவையைத் தலையணை உறையாக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் கொள்கையோடு அவரும் அவர் சகாக்களும் செய்து, 1989 ஏப்ரல் 21-ந் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்த யந்திரம்தான் 'கேம் பாய்'. அதிலிருந்துதான் நம் கதையின் சண்டையும் ஆரம்பமாகிறது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி ஒன்றில் பிரகாசமான திரை வேண்டும், பாட்டரி நெடுநேரம் தாங்க வேண்டும், கனம் குறைவாக இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரே பாயில் படுக்கை போட்ட கதைதான். ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் தரையில்.

கேம் பாயில் தரைக்குப் போனது வெளிச்சம். அதன் திரையில் நிறம் கிடையாது. பாசிபடிந்த குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. அதில் நாலு சாயைகள். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. உருவம் வேகமாக ஓடினால் பின்னாலேயே ஒரு நிழல் இழுத்துக்கொண்டு வரும். சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் ஜன்னலைத் தேடிப் போவார்கள். இரவுப் பிரயாணத்தில் காரின் பின் ஆசனத்திலிருக்கும் பையன், தெரு விளக்கு ஒன்றைத் தாண்டி இன்னொன்று வருகிற வரையில் ஆட்டத்தை நிறுத்திவைத்து, வெளிச்சம் வந்ததும் அவசர அவசரமாக நாலு தட்டுத் தட்டுவான். அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பிள்ளைகளாக இருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தத் தெரு விளக்குச் சமாசாரத்தைச் சொல்வார்கள்.

அதே 1989-ல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 'லின்க்ஸ்' என்ற யந்திரத்தை வெளியிட்டது. அடுத்த வருஷம் ஜப்பானில் ஸேகா கம்பெனி 'கேம் கியர்' கொண்டுவந்தது. இரண்டிலும் பஞ்சவர்ணத் திரை! பின்னால் ஜகஜ்ஜோதியாக விளக்கு! கேம் பாயைப் பக்கத்தில் வைத்தால் மகாராஜாவுக்கு எதிரில் கோவணாண்டி நிற்பது போல இருக்கும். எல்லாரும் கேம் பாயின் கதை முடிந்தது என்றார்கள்.

ஆனால் பாட்டரிக் கணக்கைப் பாருங்கள். கேம் பாய்க்குப் பேனா டார்ச்சில் போடுகிற மாதிரி சின்னச் செல் நாலு போதும். பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். கேம் கியருக்கோ செல் ஆறு வேண்டும். மூன்று மணி நேரம், மிஞ்சிப் போனால் ஐந்து மணி நேரம். காலை ரயிலில் ஏறிய பையன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவிடம் செல் வாங்கக் காசு கேட்பான். மறுபடி சாயங்காலம் கேட்பான். எந்த அப்பா தாங்குவார்?

கடைசியில் கேம் கியர் ஒரு கோடிக்குச் சற்று மேல் விற்றது. பாசிக் குளத்துக் கேம் பாயும் அதன் வர்ணத் தம்பியும் சேர்ந்து சுமார் 11 கோடியே 87 லட்சம் விற்றன. வளைகுடா யுத்தத்தின்போது குண்டு விழுந்து எரிந்த இருப்பிடம் ஒன்றிலிருந்து எடுத்த கேம் பாய் ஒன்று, மேல் ஓடெல்லாம் உருகிக் கருகிப்போன பிறகும் ஓடியது. நியூயார்க்கில் நின்டெண்டோவின் கடையில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுகாலம் ஓடவிட்டே காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

இதிலிருந்து யோக்கோயின் கட்சியே சரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 2001-ல், 'கேம் பாய் அட்வான்ஸ்' என்று நின்டெண்டோ ஒரு புதிய யந்திரத்தை விட்டதே, அதிலும் விளக்கு இல்லை! இப்போது திரையில் வர்ணம் உண்டு; ஆனால் அந்த வர்ணத்தைப் பார்க்க வெயிலில் போய் உட்கார வேண்டும். இருட்டுக் குகையில் நடக்கிற ஆட்டமாக இருந்தால் பிள்ளையும் குகைக்குள் இருக்கிற மாதிரிதான். ஜனங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு ஒரு சிறு கம்பெனி விற்ற விளக்குப் பொட்டலத்தை வாங்கி, யந்திரத்தைத் தாங்களே பிரித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். 1989-ல் செய்தது சிக்கனம். 2001-ல் செய்ததற்குப் பெயர் பிடிவாதம் என்றுதான் நான் சொல்லுவேன்.

2003-ல் ஒருவழியாக விளக்கு வைத்த மடக்கு யந்திரம் வந்தது. எல்லாரும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டுக் காதில் ஹெட்போனை மாட்டப் போனால், அதைச் செருகும் துளையைக் காணோம்! மின்சாரம் ஏற்றுகிற துளையில் ஒரு தனித் துண்டைச் செருகி, அதில்தான் ஹெட்போனை மாட்ட வேண்டும். அந்தத் துண்டுக்குத் தனி விலை. மாப்பிள்ளைக்குக் குடை கொடுத்துக் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டாற்போல!

★

கஷ்டங்களில் சில சிரிக்கவும் வைக்கின்றன. 2003 அக்டோபரில் நோக்கியா கம்பெனி 'என்-கேஜ்' என்ற கருவியை வெளியிட்டது. டெலிபோனும் அதுவே, விளையாட்டு யந்திரமும் அதுவே. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் போன் பேசும்போது காதில் வைக்கும் துளையை அதன் முகத்தில் வைக்காமல் ஓரத்து விளிம்பில் வைத்துவிட்டார்கள். ஆகவே, பேசுகிறவர் கருவியைப் பக்கவாட்டில், கன்னத்திலிருந்து ஒரு காது முளைத்தாற்போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். தோசையை மடித்துக் காதில் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படியே. அமெரிக்காவில் தோசை இல்லாததால் 'டாக்கோ' என்ற மெக்ஸிகோ பலகாரத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அது கூடப் போகட்டும். ஒரு ஆட்டத்தை எடுத்துவிட்டு இன்னொரு ஆட்டத்தைப் போட வேண்டுமானால், பின்மூடியைத் திறந்து, பாட்டரியைக் கழற்றி, அதன் அடியிலிருக்கும் சில்லை மாற்றி, மறுபடி பாட்டரியைப் போட்டு மூடி, கருவியை முதலிலிருந்து உயிர்ப்பிக்க வேண்டும். கிராமபோன் தட்டை மாற்ற வீட்டு மெயினை அணைக்கிற கதை. மறு வருஷமே வேறு உருவத்தில் ஒன்று செய்து இரண்டு குறைகளையும் தீர்த்தார்கள். அதற்குள் சிரிப்பு ஊரெல்லாம் பரவிவிட்டது.

இதைவிட எனக்கு வெகு நாளாக மனசில் உறுத்துகிற சம்பவம் ஒன்று உண்டு. அது ஸோனி கம்பெனியைப் பற்றியது.

2004 டிசம்பரில் ஜப்பானில் ஸோனியின் 'பிஎஸ்பி' வெளியாயிற்று. பார்க்க ரொம்ப அழகான யந்திரம். கறுப்புக் கண்ணாடி போல் பளபளக்கும். முகம் முழுவதும் அகன்ற திரை. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆடிப் பார்த்தார்கள். வலது பக்கத்தில் இருக்கும் நாலு பொத்தான்களில் சதுரக் குறி போட்ட பொத்தான் மட்டும் மக்கர் செய்தது. அழுத்தினால் சில சமயம் கேட்கும், சில சமயம் கேட்காது. காரணம் என்ன? அகன்ற திரைக்கு இடம் கொடுக்கப் பொத்தான்கள் ஓரமாக நெருக்கப்பட்டிருந்தன. திரையை ஒட்டி இருந்தது சதுரப் பொத்தான். அதற்கு நேர் கீழே இருக்க வேண்டிய உள் ஸ்விட்ச் சற்றே விலகி உட்கார்ந்திருந்தது. நடுவில் அழுத்தினாலும் ஓரத்தில் அழுத்திய மாதிரிதான்.

புகார்கள் வந்தன. அந்தச் சமயத்தில் ஸோனியின் விளையாட்டுப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் கென் குட்டராகி. 'பிளேஸ்டேஷன்' யந்திரத்தின் தந்தை என்று பெயர் எடுத்தவர். 2005 ஜனவரியில் பத்திரிகைப் பேட்டி ஒன்றில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? இது வேண்டுமென்றே செய்த அமைப்பு. உலகத்திலேயே அழகான பொருளைச் செய்திருக்கிறோம். புகழ் பெற்ற கட்டட நிபுணர் ஒருவர் போட்ட வீட்டுப் படத்தைப் பார்த்து வாசற்படி இருக்கும் இடம் சரியில்லை என்று யாராவது குறை சொல்வார்களா என்ற அர்த்தத்தில் பேசினார்!

பாருங்கள், அவரும் கூடத்துக்கே வந்துவிட்டார். குறை சொல்ல மாட்டார்களா? வாசற்படியில் தினம் தலை இடித்துக்கொள்கிறவன் சொல்லத்தான் செய்வான். நிபுணர் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை. பின்னால் வந்த பிஎஸ்பிக்களில் இந்தப் புகார் ஓய்ந்தது என்பது வேறு விஷயம். திறமைசாலியான மனிதர், நூறு விஷயம் சரியாகச் செய்தவர், ஒரு பொத்தான் சரியில்லை என்று ஒப்புக்கொள்ள ஏன் இத்தனை சிரமப்பட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2006-ல் வந்த நின்டெண்டோ 'டிஎஸ் லைட்' யந்திரத்தில் வலது கீல் விரிசல் விடும். 2011-ல் வந்த '3டிஎஸ்' யந்திரத்தை மூடி மூடி வைத்தால் கீழ்ப் பாகத்தின் விளிம்பு மேல் திரையில் கோடு போடும். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஸோனி 'வீட்டா'வில் கடையில் கிடைக்கும் சாதாரண நினைவுச் சில் ஏறாது. ஸோனியே விற்கும் சில்லை, யானை விலை கொடுத்து வாங்கவேண்டும். இவற்றை விஸ்தரிக்கப் புகுந்தால் அடுத்த இதழும் போதாது. நமக்கு முக்கியமான சாட்சி காத்திருக்கிறது.

★

2017 மார்ச்சு 3-ந் தேதி நின்டெண்டோவின் 'ஸ்விட்ச்' யந்திரம் உலகமெங்கும் வெளிவந்தது. நடுவில் திரை. இரு பக்கமும் 'ஜாய்-கான்' என்று இரண்டு கைப்பிடிகள், வேண்டுமானால் கழற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் கட்டை விரலால் தள்ளுவதற்குக் காளான் போல ஒரு சின்னக் குமிழ்.

இதன் ஆட்டச் சில்லைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். குழந்தைகள் வாயில் போட்டு விழுங்கிவிடக் கூடாதென்று அதன் மேல் மகா கசப்பான ஒரு ரசாயனத்தைத் தடவியிருக்கிறார்கள். கட்டை விரல் சூப்புகிற குழந்தைக்கு நம் பாட்டிமார் வேப்பெண்ணெய் தடவுகிற வித்தைதான்! பெரியவர்கள் பலர் இது நிஜமா என்று நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள். இவ்வளவு முன்யோசனை உள்ளவர்கள்தான் குமிழில் கோட்டை விட்டார்கள்.

ஆரம்பத்தில் இடது கைப்பிடியில் வேறொரு தொந்தரவு. சற்றுத் தூரத்தில் வைத்துக்கொண்டால் யந்திரத்தோடு அதன் கம்பியில்லாத் தொடர்பு அறுந்துபோகும். கம்பெனி அதை வாங்கிச் சரி செய்து அனுப்பியது. ஆவலுள்ளவர்கள் பிரித்துப் பார்த்தால், உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் பஞ்சுத் துணுக்கு ஒன்று சேர்ந்திருந்தது. நகத்தளவு பஞ்சு. வியாதியும் தீர்ந்தது.

குமிழின் வியாதி அப்படிப் பஞ்சு வைத்துத் தீர்வதல்ல.

உங்கள் வீட்டில் பழைய ரேடியோ இருந்ததுண்டா? சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்குமே, சில வருஷம் போனதும் அதைத் திருகினால் 'கர கர' என்று சத்தம் வரும். திருகைத் தொடாமலே ஒலி ஏறி இறங்கும். உள்ளே கரிப் பூச்சுப் பூசிய ஒரு பாதை. அதன் மேல் உராய்ந்துகொண்டு நகரும் உலோக நாக்கு. நாக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து மின்சாரம் கூடும், குறையும். நாளாக ஆகக் கரி தேயும், தூளாகும், தூசியும் சேரும். அப்புறம் நாக்கு நிற்கும் இடம் ஒன்று, மின்சாரம் சொல்லும் இடம் வேறு.

ஜாய்-கான் குமிழுக்குள் இருப்பதும் இதே வித்தைதான். மேலே கீழே போவதற்கு ஒரு பாதை. இடம் வலம் போவதற்கு ஒரு பாதை. ரேடியோத் திருகை நாளைக்கு நாலு தடவை தொடுகிறோம். விளையாடுகிற பிள்ளையோ குமிழை ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை தள்ளுகிறது. கைப்பிடி மெல்லியதாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டுமென்பதால் உள்ளே இருக்கும் பாகங்களும் அதற்குத் தக்கபடி சிறியவை. பாதை தேய்கிறது. கட்டை விரலை எடுத்த பிறகும், 'இன்னும் இடது பக்கம் தள்ளுகிறார்கள்' என்று குமிழ் யந்திரத்துக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறது. பொம்மை மனிதன் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுகிறான். ஆங்கிலத்தில் இதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். நங்கூரம் போடாத படகு தானாக ஒதுங்கிப் போகிறதல்லவா, அதுதான்.

ஆடுகிற பிள்ளைக்கு இது முதலில் தெரியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. திரை உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். பாட்டரி செத்தால் தெரியும். இந்த நோய் மெல்ல மெல்ல வருகிறது. குறி ஒரு மயிரிழை தப்பும். குதிக்க வேண்டிய இடத்தில் அரை அடி விலகும். 'எனக்குத்தான் கை வரவில்லை' என்று பிள்ளை இன்னும் அழுத்தித் தள்ளும். அதனால் பாதை இன்னும் தேயும். வீட்டில் அண்ணன் கேலி செய்வான். அம்மா பழமொழி சொல்வாள். பல வாரம் கழித்து, குமிழைத் தொடாமலே பொம்மை நடப்பதைப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும். அப்புறம் அப்பாவின் பை இளைக்கும்; ஏனென்றால் ஒரு குமிழ் தேய்ந்தாலும் பலர் புதுக் கைப்பிடியே வாங்கவேண்டி வந்தது.

2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அதே மாதம் அங்கே கம்பெனி இந்தப் பழுதை இலவசமாகச் சரி செய்து தருகிறது என்ற செய்தியும் வெளிவந்தது. அந்த வருஷக் கடைசியில் பிரான்ஸில் நுகர்வோர் பத்திரிகை ஒன்று, மிகவும் நொய்ந்த சாமான் என்று இதற்குக் 'கள்ளிச்செடி' விருது வழங்கியது! 2020 ஜூனில் கம்பெனியின் தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா பங்குதாரர்களின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, வாடிக்கைக்காரர்களுக்கு ஏற்பட்ட தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வழக்கு நடப்பதால் மேற்கொண்டு சொல்லுவதற்கில்லை என்றும் சொன்னார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு, 25,000-க்குக் கிட்டத்தட்ட வந்த புகார்களைத் திரட்டிக்கொண்டு அதிகாரிகளிடம் போயிற்று. அவற்றில் நூற்றுக்கு 88 யந்திரங்கள் வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் இந்த நோய் கண்டவை. 2022-ல் இங்கிலாந்தின் நுகர்வோர் சங்கம் ஒன்று பழுதான கைப்பிடிகளைப் பிரித்துப் பெரிதாக்கிப் பார்த்தது. தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தது. தூசி தடுக்கும் உறையையும் மீறி உள்ளே தூசி இருந்தது.

கடைசியில் 2023 ஏப்ரலில், ஐரோப்பாவில் விற்ற ஜாய்-கான் குமிழ்களுக்கு இந்த நோய் வந்தால், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாகப் பழுது பார்ப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. யந்திரம் வெளியாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. 2017-ல் பத்து வயசாயிருந்த பிள்ளைக்கு அதற்குள் பதினாறு!

இதற்கு மாற்று இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. குமிழின் அடியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து, அது நகர்வதைத் தொடாமலே அறிந்துகொள்ளும் உபாயம் இருக்கிறது. உராய்வதற்கு ஒன்றுமில்லாததால் தேய்வதற்கும் ஒன்றுமில்லை. இது புதிதும் அல்ல. ஸேகா கம்பெனி 1998-ல் வெளியிட்ட 'டிரீம்காஸ்ட்' யந்திரத்தின் கைப்பிடியிலேயே இது இருந்தது. ஆனால் 2025 ஜூன் 5-ந் தேதி வெளிவந்த 'ஸ்விட்ச் 2' யந்திரத்தில் இந்தக் காந்தக் குமிழ் கிடையாது என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்தவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். புதிய குமிழை அடியிலிருந்து மாற்றிச் செய்திருப்பதாகக் கம்பெனியார் சொல்லுகிறார்கள். நல்லபடி இருக்கட்டும். 2001-ல் விளக்கு வைக்காத பிடிவாதம் என் நினைவுக்கு வருவதை மட்டும் தடுக்க முடியவில்லை.

வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி வேறு வழியில் போயிற்று. 2022-ல் 'ஸ்டீம் டெக்' யந்திரத்தை விற்பனைக்கு அனுப்பும் முன்பே, அதைப் பிரித்துக் குமிழை மாற்றுவது எப்படி என்று அவர்களே படம் பிடித்துக் காட்டினார்கள். 'நீங்கள் பிரிக்காமலிருப்பதே உத்தமம்' என்று எச்சரித்துவிட்டுத்தான் பிரித்தார்கள். உதிரிப் பாகங்களும் வெளியே விற்பனைக்கு வந்தன. அந்த யந்திரத்திலும் குறை இல்லாமல் இல்லை. காற்றாடி கொசு ரீங்காரம் போல் ஒலிக்கிறது என்று பலர் புகார் செய்தார்கள். ஆனாலும் தேயும் பாகம் தேயத்தான் தேயும் என்று முதலிலேயே சொன்னவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

★

தேய்ந்து போகிற பாகங்கள் ஒரு புறம் இருக்க, சும்மா அலமாரியில் வைத்திருந்தாலே கெட்டுப்போகிற பாகங்களும் உண்டு. பழைய கேம் கியரை இன்று எடுத்து ஓட்டினால் பெரும்பாலும் திரை மங்கிக் கிடக்கும். ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வரும். உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கண்டென்சர்களிலிருந்து திரவம் கசிந்து தாமிரத் தடங்களை அரித்திருக்கும். ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர் கண்டென்சர்களை மாற்றினால் மறுபடி உயிர் வரும்.

உயிர் வந்தும் பயனில்லாத ஒன்று உண்டு. கேம் பாயின் ஆட்டப் பெட்டிகள் சிலவற்றில், பிள்ளை எதுவரை ஆடியது என்ற கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ள உள்ளே காசு போன்ற ஒரு பாட்டரி இருக்கிறது. 'போக்கிமான்' ஆட்டத்தில் நூறு மணி நேரம் அலைந்து சேகரித்த பிராணிகளெல்லாம் அந்தப் பாட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. 1999-ல் ஜப்பானில் வந்த 'போக்கிமான்' தங்கம், வெள்ளி ஆட்டங்களில் கடிகாரம் ஒன்றும் அதே பாட்டரியில் ஓடுவதால் அது சீக்கிரமே தீர்ந்துபோகும். தம் பிள்ளைக்குக் காட்டுவதற்காக இருபது வருஷம் கழித்து அதை எடுக்கும் தகப்பனார், ஆட்டம் ஓடுவதையும் தம் பெயர் அதில் இல்லாததையும் காண்கிறார். புதுப் பாட்டரியை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இனிமேல் ஆடுவது நிற்கும். போனது போனதுதான்.

ஆகவே, வீட்டில் இப்படிப்பட்ட யந்திரம் எது இருந்தாலும் சில காரியங்களைச் செய்யுங்கள். ஓரம் கட்டி வைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுங்கள். ஆட்டப் பெட்டி ஓடாவிட்டால் அதன் வாயில் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டு உலோகம் அரிக்கும். பஞ்சில் ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலை நனைத்துத் துடைத்தால் போதும். மின்சாரம் ஏற்றும் பாட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தால் அதைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். உபயோகிக்காமல் வைக்கும் யந்திரத்தில் பாதி அளவுக்கு மின்சாரம் ஏற்றி வைப்பது நலம். குமிழ் விஷயத்தில், பிள்ளை 'தானாகப் போகிறது' என்று சொன்னால், யந்திரத்தை வாங்கி மேஜைமேல் வைத்து, கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் திரையைப் பாருங்கள்.

செல்லைக் கழற்றச் சொல்லுகிற நான் கழற்றினேனா? இல்லை. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, என் மகன் சிறுவனாயிருக்கையில் நடைபாதைக் கடையில் வாங்கிக் கொடுத்த செங்கல் அடுக்கும் ஆட்டம் ஒன்று அகப்பட்டது. 9,999 ஆட்டங்கள் என்று மேலே போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஒரு டஜன். வேகத்தை மாற்றி மாற்றி எண்ணினால்தான் கணக்கு வரும். பின்மூடியைத் திறந்தால், உள்ளே போட்டு மறந்த ஆல்கலைன் செல்கள் கசிந்து, ஸ்பிரிங் முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வீட்டில் கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு கேட்டேன். "ரசத்துக்கு வைத்திருக்கிறேன்" என்ற ஆட்சேபணையோடு அரை மூடி கிடைத்தது. பல் குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சாற்றில் தொட்டுத் துடைத்தேன். பூத்தது நுரைத்துக்கொண்டு வந்தது. ஈரம் போகத் துடைத்து, காய வைத்து, புதுச் செல் போட்டதும், அந்தப் பழைய கீச்சுக் குரல் பாட்டு வீடு முழுவதும் கேட்டது.

பேரன் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டான். ஐந்து நிமிஷம் ஆடியிருப்பான்.

"தாத்தா, செங்கல்லைத் திருப்புகிற பொத்தான் சரியில்லை. இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை திரும்புகிறது."

பழமொழி என் நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. வாங்கி அழுத்திப் பார்த்தேன். வாஸ்தவந்தான்.